காது ஆபரேஷனுக்கு முன் எடுக்கும் சி.டி. ஸ்கேன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

முட்டத்திலிருந்தோ குளச்சலிலிருந்தோ ஒருவர் பல வருஷமாக ஒழுகும் காதோடு வருவார். தலைசுற்றல் தொடங்கிய பிறகுதான் நாகர்கோவிலுக்கு பஸ் ஏறியிருப்பார். கையில் ஸ்கேன் கவர். திறந்தால் மூளைக்கு எடுத்த சி.டி.! முதல் தவறு அங்கேயே நடந்துவிட்டது. மூளை ஸ்கேனில் ஒரு வெட்டு பெரும்பாலும் 5 மில்லிமீட்டர் கனம். நடுக்காதின் அங்கவடி எலும்போ மொத்தமே சுமார் 3 மில்லிமீட்டர் உயரம்தான். எழுதிக் கொடுக்கும்போதே ‘டெம்போரல் எலும்பு எச்.ஆர்.சி.டி.’, அதாவது காதைச் சுற்றியுள்ள எலும்புக்கான நுண்ணிய சி.டி., என்று எழுத வேண்டும். வெட்டுகள் 1 மில்லிமீட்டருக்கும் மெல்லியதாக இருக்க வேண்டும். சீழ் மூளைக்குப் பரவியிருக்குமோ என்ற சந்தேகம் இல்லாவிட்டால் ஊசி மருந்து ஏற்றத் தேவையில்லை.

இளம் டாக்டர்களிடம் நான் அதிகம் கவலைப்படுவது, ரிப்போர்ட்டை மட்டும் படித்துவிட்டுக் கத்தி எடுப்பது. படத்தை நாமே உருட்டிப் பார்க்க வேண்டும். மூளைக்கும் காதுக்கும் நடுவிலுள்ள எலும்புக் கூரை எவ்வளவு தாழ்ந்திருக்கிறது? சிக்மாய்டு சைனஸ் என்ற பெரிய ரத்தக்குழாய் முன்னே தள்ளி நிற்கிறதா? தலைசுற்றலோடு வந்தவருக்கு, உள்காதில் உடல் சமநிலையைக் காக்கும் பக்கவாட்டு அரைவட்டக் குழாயின் மேல் எலும்பு அரிந்திருக்கிறதா என்று இரண்டு கோணத்திலும் பார்த்தே ஆக வேண்டும். அது தெரியாமல் அந்த இடத்தில் நோயின் சவ்வை உரித்தால், மிச்சமிருக்கும் கேட்கும் திறனும் போய்விடலாம்.

சாம்பல் நிறமாகத் தெரிவதெல்லாம் கொலஸ்டியடோமா (நடுக்காதில் தோல் தவறாக வளர்ந்து எலும்பை அரிக்கும் நோய்) அல்ல. சீழும் சதை வளர்ச்சியும்கூட சி.டி.யில் அதே நிறம்தான். எலும்பு அரிப்பு இருந்தால் சந்தேகம் வலுக்கும், அவ்வளவே. ஏற்கெனவே ஆபரேஷன் ஆன காதில் நோய் மிச்சமிருக்கிறதா என்று பிரித்தறிய டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. (திசுவுக்குள் நீர் நகர்வதைக் காட்டும் ஸ்கேன்) கைகொடுக்கும்.

காது வழியாகப் போகும் முக நரம்பின் எலும்பு உறை மிக மெல்லியது. ஸ்கேனில் முழுசாகத் தெரியும் உறை உள்ளே இடையிடையே விட்டுப்போயிருக்கலாம். வாய் கோணிவிடுமோ என்று பயந்து கேட்பவரிடம் “ஸ்கேன் நல்லா இருக்கு, ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிவிடாதீர்கள். நரம்பு திறந்தே கிடக்கிறது என்று எண்ணித்தான் கை போக வேண்டும்.

வீட்டாருக்கு ஒன்று: பிலிமோடு மட்டும் திரும்பாதீர்கள், டிஸ்கையும் கேட்டு வாங்குங்கள். பிலிமில் சில படங்கள்தான் இருக்கும். டிஸ்க் இருந்தால் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் போனாலும் திருவனந்தபுரத்துக்குப் போனாலும் திறந்து பார்க்கலாம். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் ஸ்கேனுக்குப் படுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

ஆபரேஷன் அன்று ஸ்கேன் தியேட்டர் திரையில் திறந்திருக்கட்டும். படத்தில் நோயாளியின் வலது பக்கம் நமக்கு இடது கைப் பக்கமாகத் தெரியும். மயக்கம் கொடுக்கும் முன்பே, எந்தக் காது என்று அவர் வாயாலேயே கேட்டு, அந்தப் பக்கம் குறி போட்டுவிடுங்கள்.