பழைய பேண்ட்சா வாங்கப் போனால் பெயின்டைப் பார்க்காதீர்கள்

இரும்பு வெட்டுகிற செங்குத்து பேண்ட்சாவை, அதாவது சக்கரங்களில் வளையமாக ஓடும் பட்டை பிளேடால் அறுக்கிற மெஷினை, பழையதாக வாங்கி ஓட்ட நினைப்பது நல்ல யோசனை. துருவும் தேய்ந்த தண்டும் பெரிய விஷயமே இல்லை, திருநெல்வேலி பேட்டை தொழிற்பேட்டையில் ஒரு நல்ல லேத்காரரிடம் கொடுத்தால் பின், புஷ், தண்டு எல்லாம் புதிதாகக் கடைந்து தந்துவிடுவார். அவரால் செய்து தர முடியாதது எது என்று பார்த்து வாங்குவதுதான் முக்கியம். அங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

முதலில் வேகம். செங்கோட்டைப் பக்கம் மர அறுவை மில்லில் கழித்துப்போட்ட பேண்ட்சா மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவந்து அதில் இரும்பை வைக்கிறார்கள். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் மரத்துக்கு பிளேடு நிமிடத்துக்கு 900 மீட்டர் வாக்கில் ஓடும், சாதாரண இரும்பைக் கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) இல்லாமல் வெட்ட 30 முதல் 60 மீட்டர் போதும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு அதிலும் குறைவு. மர வேகத்தில் இரும்பை வைத்தால் பல் கொஞ்ச நேரத்திலேயே எரிந்து மழுங்கிவிடும். சரி, வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தை மாற்றும் மின்கருவி) போட்டுக் குறைத்துக்கொள்ளலாமே என்பார்கள். மோட்டார் வேகத்தை இருபதில் ஒரு பங்காக இறக்கினால் அதன் குதிரைத்திறனும் அதே அளவுக்கு இறங்கிவிடும், மோட்டாரின் விசிறியும் மெதுவாகச் சுற்றுவதால் சூடு ஏறி மோட்டார் காயில் எரிந்துபோகும். வேகத்தைக் குறைக்கிற கியர்பாக்ஸ் உள்ளேயே இருக்கிற மெஷினைத்தான் தேட வேண்டும்.

"நேத்து வரைக்கும் ஓடுன மெஷின்தான் அண்ணாச்சி, இங்க த்ரீ பேஸ் இல்ல, அவ்வளவுதான்" என்று விற்பவர் சொன்னால் அங்கேயே விலை பேசி முடிக்காதீர்கள். ஓட்டிப் பார்க்க வழியில்லை என்றால் கியர்பாக்ஸ் எண்ணெயையாவது கொஞ்சம் இறக்கிப் பாருங்கள். பால் ஊற்றிய டீ மாதிரி இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்துக்குப் பிறகு நம் திருநெல்வேலிப் பக்கம் இதைக் கேட்காமல் எந்த மெஷினும் வாங்கக் கூடாது, மோட்டாரும் பேரிங்கும் தண்ணீரில் கிடந்தனவா என்று நேராகவே கேளுங்கள்.

வேகத்தை மாற்றுகிற வேரியேட்டர் புல்லி இருந்தால் அதன் கைச்சக்கரத்தை மெஷின் ஓடும்போது மட்டும்தான் திருப்ப வேண்டும், நின்றிருக்கும்போது முறுக்கினால் பெல்ட்டும் புல்லியும் சேதமாகும். ஹை, லோ கியர் லீவர் இதற்கு நேர் எதிர், நின்ற பிறகுதான் போட வேண்டும். இரண்டையும் மாற்றிச் செய்தே நல்ல கியர்பாக்ஸை உடைக்கிறார்கள்.

அப்புறம், ஏற்றும்போது நடக்கிற கொடுமை. மெஷின் தலைப்பாரம் கொண்டது. பிடிக்க வாகாக இருக்கிறதே என்று, வெட்டும் இரும்பை வைக்கிற மேடையில் கயிறு கட்டி செயின் பிளாக்கில் தூக்குவார்கள், மேடையைச் சாய்க்கிற வார்ப்புத் தாங்கி விரிசல் விடும். வார்ப்பிரும்பு விரிசலை வெல்டிங் வைத்து முன்போல் ஆக்குவது எளிதல்ல. கயிறு உடம்புச் சட்டத்தில்தான் விழ வேண்டும்.

பட்டறைக்கு வந்ததும் பெயின்ட் அடிக்க இறங்காதீர்கள், அது கடைசி வேலை. மேடைத் துருவை கிரைண்டரால் ஓட்டினால் பள்ளம் விழும், மண்ணெண்ணெயும் தட்டையான கட்டையில் சுற்றிய எமரித் தாளும் போதும். சக்கரத்து ரப்பர் கெட்டியாகி வெடித்திருந்தால் மாற்றிவிடுங்கள்.

பிளேடு ஒரு பக்கமாக ஓடுகிறது என்று கைடை (பிளேடு விலகாமல் தாங்கும் பாகத்தை) இறுக்குவது மிகச் சாதாரணமாக நடக்கிற தவறு. கைடுகளை முழுதாகத் தள்ளி வைத்து, டென்ஷன் ஏற்றி, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே மேல்சக்கரச் சாய்வைத் திருத்தி பிளேடை நடுவில் ஓட வைத்த பிறகுதான் கைடை ஒரு தாள் இடைவெளிக்குக் கொண்டுவர வேண்டும். பிளேடுக்குப் பின்னால் இருக்கிற கைடு உருளை வெட்டும்போது மட்டும் சுற்றினால் சரியாக அமைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

மெஷினிலேயே பிளேடு ஒட்டுகிற வெல்டிங் கருவி இருந்தால் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம், பிளேடைச் சுருளாக வாங்கி வெட்டி நாமே ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டிய இடம் கடினமாகி நொறுங்கும் தன்மையில் இருக்கும். அந்தக் கருவியில் உள்ள பதப்படுத்தும் பொத்தானை விட்டு விட்டு அமுக்கி, மங்கிய சிவப்புக்குச் சூடேற்றி, மெல்ல ஆறவிட வேண்டும். இதைச் செய்யாமல் ஒட்டு உடைந்ததும் பிளேடு மட்டம் என்று கடைக்காரரைத் திட்டுவது நியாயமே இல்லை.