காயம்பட்ட எருமை எதிரே பாயும்போது: ஆப்பிரிக்க வேட்டையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆப்பிரிக்க எருமை மனித வாடை பட்டால் பெரும்பாலும் விலகி ஓடிவிடும். ஆளைக் கொல்லும் விலங்கு என்று அது பெயர் வாங்கியதற்கு, காயம்பட்ட பின் அது நடந்துகொள்ளும் விதமே முக்கியக் காரணம். 600 கிலோவுக்கு மேல் எடையுள்ள முதிர்ந்த கடா மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடவல்லது. முப்பது மீட்டர் தொலைவில் புதரை விட்டு வெளிப்பட்டால், அது ஆளை வந்தடைய ஏறத்தாழ இரண்டு விநாடிகளே ஆகும். அந்த நேரத்திற்குள் புதிதாக எதையும் யோசித்துச் செய்ய இயலாது. முன்பே கைகளுக்குப் பழகியிருப்பது மட்டுமே நடக்கும். ஆகவே பாய்ச்சலின்போது செய்யும் தவறுகளைவிட, பாய்ச்சலுக்கு வழிவகுத்த தவறுகளைப் பற்றியே அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகு இத்தகைய வேட்டைக்கு இடமில்லை. கென்யாவும் 1977இல் வேட்டையைத் தடை செய்துவிட்டது. டான்சானியா, ஜிம்பாப்வே, ஜாம்பியா, மொசாம்பிக், தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளில் உரிமத்துடன் எருமை வேட்டை இன்றும் நடைபெறுகிறது. அங்கே வெளிநாட்டிலிருந்து வரும் விருந்தினர், உரிமம் பெற்ற தொழில்முறை வேட்டையாளர் ஒருவரின் பொறுப்பிலும், தடம் பார்ப்பவர்களின் வழிகாட்டுதலிலும்தான் காட்டுக்குள் நடக்கிறார். கீழே சொல்லப்படும் தவறுகளில் பெரும்பாலானவை அந்த விருந்தினர் செய்பவை.

முதலாவதும் பெரியதுமான தவறு, அவசரப்பட்டுச் சுடும் முதல் குண்டு. மான் வேட்டையில் பழகியவர்கள் தோளுக்குச் சற்றுப் பின்னே குறிவைக்கப் பழகியிருப்பார்கள். எருமையின் இதயமோ முன்னங்கால்களுக்கு இடையில், மார்பின் அடிப்பகுதியில் தாழ்வாக இருக்கிறது. நுரையீரலின் கனமான பகுதியும் முன்னோக்கியே அமைந்திருக்கிறது. பின்னே தள்ளிச் சுட்ட குண்டு இரைப்பையில் போய் நிற்கக்கூடும். உயரத்திலும் கண் ஏமாறுகிறது: தோளுக்கு மேலே எழும்பி நிற்கும் திமில் போன்ற பகுதி உடலை மிக உயரமாகக் காட்டுவதால், உடலின் நடு உயரம் என்று நினைத்துச் சுடுவது உயிர்நிலைக்கு மேலே போய்விடுகிறது. பக்கவாட்டில் நிற்கும் எருமைக்கு, முன்னங்காலின் கோட்டைப் பிடித்து மேலே சென்று, உடலின் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் குறிவைக்க வேண்டும் என்பதே அனுபவசாலிகள் கற்பிக்கும் பாடம். அப்படி நிற்காத எருமையை, மந்தையில் மற்றொன்றின் முன்னோ பின்னோ ஒட்டி நிற்கும் எருமையை, சுடாமல் விட்டுவிடுவதே நல்லது. பல நாள் நடந்து களைத்தவருக்கு இது எளிதன்று என்பதை நான் அறியாமல் சொல்லவில்லை. ஆனால் அடுத்து வரும் அத்தனை ஆபத்தையும் அந்த ஒரு பொறுமையின்மைதான் விலைக்கு வாங்குகிறது.

துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதில் இரண்டு வகையான பிழைகள் உண்டு. ஒன்று, சிறியதைக் கொண்டுவருவது. இதற்குச் சட்டமே தடை போடுகிறது: ஜிம்பாப்வேயில் எருமைக்கான குண்டின் விட்டம் 9.2 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. பிற நாடுகள் பலவற்றில் 1912 முதல் புழக்கத்தில் உள்ள பாயிண்ட் 375 மேக்னம் (அங்குலத்தில் குண்டின் விட்டத்தைக் குறிக்கும் பெயர்) தோட்டாதான் குறைந்தபட்ச அளவாக மதிக்கப்படுகிறது. மற்றொன்று, தன்னால் தாங்க முடியாத அளவு பெரியதைக் கொண்டுவருவது. துப்பாக்கியின் உதைப்புக்கு அஞ்சுபவர் விசையை அழுத்தும் கணத்தில் கண்ணை மூடி உடலைக் குறுக்குவார். குண்டு எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது. நன்றாகக் கையாளத் தெரிந்த 375, பயந்து பிடிக்கும் பெரிய 458ஐவிட நம்பகமானது.

குண்டின் வகையும் கவனிக்கத்தக்கது. பட்டவுடன் விரியும் மென்முனைக் குண்டை முதலில் சுடுவதும், விரியாமல் ஊடுருவும் திண்மக் குண்டுகளை அடுத்தடுத்த சூடுகளுக்கு வைத்துக்கொள்வதும் நெடுநாளைய வழக்கம். முதலிலேயே திண்மக் குண்டைச் சுட்டால் அது ஒரு எருமையைத் துளைத்து வெளியேறிப் பின்னால் நிற்கும் இன்னொன்றையும் காயப்படுத்தலாம். அப்போது காட்டுக்குள் காயத்துடன் நிற்பது இரண்டு எருமைகள். தேடுபவர்கள் அறிந்திருப்பதோ ஒன்றை மட்டும்.

முதல் குண்டு பட்டதும் துப்பாக்கியைத் தாழ்த்திக்கொண்டு விளைவைப் பார்த்து நிற்பது அடுத்த தவறு. ஒரே குண்டில் எருமை விழுவது அரிது. தோளிலிருந்து துப்பாக்கியை இறக்காமலே அடுத்த தோட்டாவை ஏற்றி, அது விழும்வரையோ மறையும்வரையோ, மற்ற எருமைகள் குறுக்கே வராத நிலையில், சுட்டுக்கொண்டிருக்க வேண்டும். போல்ட் என்னும் அடைப்புத்தண்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் துப்பாக்கியில் பதற்றம் வேறொரு வேலையும் செய்யும்: கை போல்ட்டை முழுவதுமாகப் பின்னே இழுக்காமல் பாதியிலேயே முன்னே தள்ளிவிடும், புதிய தோட்டா அறைக்குள் ஏறாது, விசையை அழுத்தினால் வெறும் சொடுக்குச் சத்தம்தான் கேட்கும். மேசைமேல் துப்பாக்கியைச் சாய்த்து நிதானமாகச் சுட்டுப் பழகியவர்களிடமே இது அதிகம் காணப்படுகிறது. வீட்டில் வெடிமருந்தற்ற போலித் தோட்டாக்களை வைத்து, நின்றபடி, வேகமாக, போல்ட்டை முரட்டுத்தனமாக இழுத்துப் பழகுவதே இதற்கு மருந்து.

சுட்டவர் தன் குண்டு தவறிவிட்டது என்று சொல்வதை நம்பி நடையைக் கட்டுவதும் ஆபத்தே. பல இடங்களில் காயப்படுத்தித் தவறவிட்ட விலங்குக்கும் கொன்றதற்கு உரிய கட்டணம் முழுவதையும் செலுத்த வேண்டும் என்பதால், சிலருக்கு அப்படிச் சொல்வதில் ஒரு வசதியும் இருக்கிறது. எருமை நின்ற இடத்திற்குச் சென்று இரத்தம், உதிர்ந்த மயிர், நிலத்தைக் கீறிய குளம்புத் தடம் ஆகியவற்றைத் தடம் பார்ப்பவர் தேடிப் பார்த்த பிறகே முடிவுக்கு வர வேண்டும். நுரைத்த இளஞ்சிவப்பு இரத்தம் நுரையீரலைச் சுட்டும். கருஞ்சிவப்பு, ஈரலையோ தசையையோ. பசும்புல் கலந்த கசிவு இரைப்பையை. இறுதியாகச் சொன்னது கிடைத்தால் அன்றைய பொழுது நீண்டதாகவும் கெட்டதாகவும் இருக்கும் என்று அந்தக் குழுவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

உடனே பின்தொடர்வது பெரும்பாலும் தவறு. அரை மணி நேரம் அளவுக்குக் காத்திருந்தால் இரத்தம் இழந்து எருமை படுக்கவோ சாகவோ வாய்ப்புண்டு. சாகும் எருமை எழுப்பும் நீண்ட கதறல் பல சமயம் தொலைவிலிருந்தே கேட்கும். அந்தி நெருங்கிவிட்டால் மறுநாள் காலைவரை நிறுத்திவைப்பதும் நேரிடும். கழுதைப்புலிகளும் சிங்கங்களும் இரவில் அதைத் தின்றுவிடலாம் என்ற கவலை, இருட்டில் புதருக்குள் ஆளை அனுப்பக் காரணமாகாது.

பின்தொடரும்போது விருந்தினர் கண் இரத்தத் துளிகளிலேயே ஒட்டிக்கொள்வதை எல்லா வேட்டையாளர்களும் கண்டிக்கிறார்கள். நிலத்தைப் பார்ப்பது தடம் பார்ப்பவரின் வேலை. துப்பாக்கி ஏந்தியவர்களின் கண்கள் முன்னும் இருபுறமும் இருக்க வேண்டும். காயம்பட்ட எருமை தன் தடத்தை விட்டு விலகி, வளைந்து திரும்பி வந்து, அந்தத் தடத்துக்குப் பக்கவாட்டில் அசையாமல் நிற்பதுண்டு. அதன் முழு உருவத்தைத் தேடினால் புலப்படாது. குனிந்து புதரின் அடியில் ஒரு கால், கொம்பின் ஒரு வளைவு, காதின் ஓர் அசைவு என்று துண்டு துண்டாகத் தேட வேண்டும். எருமையின் முதுகில் உண்ணி பொறுக்கும் பறவைகள் திடீரெனக் கிளம்பிப் பறந்தால் அந்தத் திசையில் ஏதோ நிற்கிறது என்று கொள்ளலாம். காற்றின் போக்கை அறியச் சிறு துணிப்பையில் சாம்பலை வைத்து உதறிப் பார்ப்பது இன்றும் நடைமுறையில் உள்ளது. துப்பாக்கிமேல் பொருத்திய ஸ்கோப் எனும் குறிநோக்கியைப் பொறுத்தவரை, உருப்பெருக்கத்தை மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பாமல் புதருக்குள் நுழையக்கூடாது. பத்து மீட்டரில் பாயும் எருமை அதிக உருப்பெருக்கத்தில் வெறும் கருமயிராகத்தான் தெரியும். செலவான தோட்டாக்களுக்கு ஈடாகப் புதியவற்றை நிரப்பிக்கொண்டோமா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். துப்பாக்கியின் வாய் தடம் பார்ப்பவரின் முதுகை நோக்கியிருக்கக் கூடாது என்பதைச் சொல்லவே தேவையில்லை. ஆயினும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கை நடுங்குபவரைப் பின்னே நிற்கும்படி தொழில்முறை வேட்டையாளர் கேட்டுக்கொண்டால், அதை மானக்குறைவாக எண்ணி மறுப்பது வீம்பு. தான் காயப்படுத்தியதைத் தானே முடிக்க வேண்டும் என்ற உணர்வு மதிக்கத்தக்கதுதான். அதற்காக மற்ற இருவரின் உயிரைப் பணயம் வைக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

பாய்ச்சல் வந்துவிட்டால், ஓடுவது மிக மோசமான தவறு. எருமையை எவராலும் ஓடி வெல்ல முடியாது. ஓடுபவர் தம்முடன் வந்தவர்களின் குறியையும் மறைத்துவிடுவார். யானை பல சமயம் மிரட்டுவதற்காக மட்டும் ஓடிவந்து நின்றுவிடும். காயம்பட்ட எருமையிடம் அதை எதிர்பார்க்கக் கூடாது. அது மூக்கை முன்னே நீட்டித் தலையை உயர்த்தியபடி வந்து, கொம்பால் குத்தும் கடைசிக் கணத்தில்தான் தலையைத் தாழ்த்தும். முதிர்ந்த கடாவுக்கு இரு கொம்புகளின் அடிகளும் நெற்றியில் இணைந்து தடித்த கவசமாகியிருக்கும். அங்கே சுட்ட குண்டு மூளையை எட்டாமல் போகலாம். தலை உயர்ந்திருக்கும்போது மூக்கின் வழியே மூளைக்குப் பாதை இருக்கிறது. மார்பில் சுடுவது அதைக் கொல்லலாம், ஆனால் உடனே நிறுத்தாது: இதயம் சிதைந்த விலங்குக்கும் மூளையில் எஞ்சிய பிராணவாயுவால் சில விநாடிகள் ஓடும் திறன் இருக்கும், அதற்குத் தேவையோ இரண்டு விநாடிகள்தான். மூளையோ தண்டுவடமோ தாக்கப்பட்டால் மட்டுமே அது நின்ற இடத்தில் சரியும். ஆகவே பீதியில் தொலைவிலேயே தோட்டாக்களைத் தீர்த்துவிடாமல், உறுதியாகக் குறி கிடைக்கும் கணத்துக்குக் காத்திருக்க வேண்டும்.

விழுந்த எருமையை முன்பக்கமாக நெருங்குவதும், உறுதிக்கான இன்னொரு குண்டைச் சுடுமுன் படம் எடுக்கக் கூடுவதும் சிறிய தவறுகள்போலத் தோன்றும். பின்பக்கமாக வந்து, சுட்டு, நீண்ட கோலால் கண்ணைத் தொட்டு இமை அசையவில்லை என்று உறுதி செய்த பிறகே நெருங்கலாம்.

தொடையில் கொம்பு பாய்ந்து பெரிய தமனி அறுந்தவர் சில நிமிடங்களிலேயே இறக்கக்கூடும். இரத்தத்தைக் கட்டுப்படுத்தும் இறுக்குப்பட்டையை ஒரு மணி நேர நடைத் தொலைவில் நிற்கும் வண்டியில் விட்டுவருவதால் பயனில்லை. அது ஒவ்வொருவர் இடுப்பிலும் இருக்க வேண்டும், அதை ஒரு கையால் கட்டவும் பழகியிருக்க வேண்டும். செயற்கைக்கோள் தொலைபேசி யாரிடம் இருக்கிறது, விமானமோ ஹெலிகாப்டரோ இறங்கத்தக்க வெளி எங்கே இருக்கிறது என்பதை முகாமை விட்டுப் புறப்படும் முன்பே எல்லோரும் அறிந்திருக்க வேண்டும்.