சைக்கிள் சென்சாரை போனிலும் பைக் கம்ப்யூட்டரிலும் இணைப்பது எப்படி: புதியவர்களுக்கான செய்முறை

சைக்கிளில் மாட்டும் ஸ்பீடு சென்சாருக்கு உங்கள் வேகம் தெரியாது. சக்கரம் இதுவரை எத்தனை சுற்று சுற்றியது, கடைசிச் சுற்று எந்த நொடியில் முடிந்தது என்ற இரண்டு எண்களைத்தான் அது அனுப்பிக்கொண்டே இருக்கிறது. அந்த எண்களை வாங்கி, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்கி, வேகமாகவும் தூரமாகவும் காட்டுவது போனில் இருக்கும் செயலி அல்லது ஹேண்டில்பாரில் இருக்கும் பைக் கம்ப்யூட்டர். சென்சார் எண்ணுகிறது, செயலி கணக்குப் போடுகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால், திரையில் எண் தப்பாக வரும்போது எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

எதை முதலில் வாங்குவது?

நான்கு வகை சென்சார்கள் பரவலாகக் கிடைக்கின்றன: சக்கரத்தின் வேகத்துக்கு ஒன்று, பெடல் சுற்றும் வேகமான கேடன்ஸுக்கு ஒன்று, இதயத் துடிப்புக்கு ஒன்று, எத்தனை வாட்ஸ் சக்தியோடு மிதிக்கிறீர்கள் என்று அளக்கும் பவர் மீட்டர் ஒன்று.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கேடன்ஸ் சென்சாரை வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். வெளியே ஓட்டும்போது வேகத்தையும் தூரத்தையும் ஜிபிஎஸ் ஓரளவு சரியாகவே கொடுத்துவிடும். நிமிடத்துக்கு எத்தனை முறை பெடலைச் சுற்றுகிறீர்கள் என்பதை ஜிபிஎஸ்ஸால் சொல்ல முடியாது. கனமான கியரில் போட்டு முழங்காலை வருத்திக்கொண்டு ஓட்டும் பழக்கம் புதியவர்கள் பலருக்கும் உண்டு. திரையில் 60 என்று தெரிவதைப் பார்த்ததும் கியரைக் குறைத்து 80, 85 வரை கொண்டுவரப் பழகிவிடுவார்கள்.

ஸ்பீடு சென்சார் வீட்டுக்குள் டிரெயினரில், அதாவது சைக்கிளை ஒரே இடத்தில் நிறுத்தி மிதிக்க உதவும் கருவியில், ஓட்டுபவர்களுக்கும், சுரங்கப் பாதை, அடர்ந்த மரங்கள், உயரமான கட்டடங்கள் இருக்கும் வழியில் ஓட்டுபவர்களுக்கும் உண்மையாகவே உதவும். பவர் மீட்டர் விலை அதிகம், அவசரம் இல்லை. பின்னால் அதை வாங்கும் எண்ணம் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: பெரும்பாலான பவர் மீட்டர்கள் கேடன்ஸையும் சேர்த்தே அனுப்பும்.

வாங்கும் முன் பெட்டியில் புளூடூத், ஏஎன்டி பிளஸ் (ANT+) என்ற இரண்டு கம்பியில்லா இணைப்பு முறைகளும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் இயங்குகின்றன, ஆனால் வேலை செய்யும் விதம் வேறு. ஏஎன்டி பிளஸ் வானொலி மாதிரி: சென்சார் சொல்லிக்கொண்டே இருக்கும், எத்தனை கருவிகள் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். புளூடூத்தில் பல சென்சார்கள் ஒரு நேரத்தில் ஒரே கருவியோடுதான் பேசும், புதியவை சில இரண்டு மூன்றோடு பேசும். ஐபோனில் ஏஎன்டி பிளஸ் கிடையாது, இன்றைய ஆண்ட்ராய்டு போன்களிலும் அதை எதிர்பார்க்க வேண்டாம். எனவே போனுக்குப் புளூடூத், பைக் கம்ப்யூட்டருக்கு ஏஎன்டி பிளஸ் என்று வைத்துக்கொள்வது எளிது.

செயலி விஷயத்திலும் ஒரு எச்சரிக்கை. எல்லாச் செயலியும் எல்லா சென்சாரையும் ஏற்காது. ஓட்டங்களைப் பதிவு செய்து பகிரும் செயலியான ஸ்ட்ராவா 2019இல் போனோடு சென்சாரை நேரடியாக இணைக்கும் வசதியை எடுத்துவிட்டது, அடுத்த ஆண்டு இதயத் துடிப்புக்கு மட்டும் திரும்பக் கொண்டுவந்தது. வாகூ, ரைட் வித் ஜிபிஎஸ் போன்ற செயலிகளில் கேடன்ஸ், ஸ்பீடு சென்சார்களை இணைத்து ஓட்டிவிட்டு, முடிந்ததும் பதிவை ஸ்ட்ராவாவுக்கு அனுப்பிக்கொள்ளலாம்.

முதல் படி: மாட்டுவது

பேட்டரிக்கும் மூடிக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டு வைத்து விற்பார்கள். முதலில் அதை உருவி எடுங்கள்.

இப்போது வரும் ஸ்பீடு சென்சார்களுக்குக் காந்தம் தேவையில்லை. சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்பில் ரப்பர் பட்டையால் சுற்றிக் கட்டினால் போதும். முன் சக்கரமா பின் சக்கரமா என்றால், டிரெயினரில் ஓட்டும்போது முன் சக்கரம் சுற்றாது, அதனால் பின் ஹப்புதான் இரண்டுக்கும் பொருந்தும். பின் சக்கரத்தையே கழற்றிவிட்டு மாட்டும் டிரெயினர் என்றால் ஸ்பீடு சென்சாருக்கு அங்கே வேலை இல்லை, டிரெயினரே வேகத்தை அனுப்பிவிடும்.

கேடன்ஸ் சென்சாரை இடது கிராங்கின் (பெடலைத் தாங்கிச் சுற்றும் கை) உட்பக்கம், அதாவது ஃபிரேமைப் பார்த்த பக்கம் கட்டுங்கள். வலது பக்கம் செயின் இருப்பதால் இடம் இருக்காது. கட்டிய பிறகு கிராங்கைக் கையால் மெதுவாக ஒரு முழுச் சுற்று சுற்றிப் பாருங்கள். பின் சக்கரத்துக்குப் போகும் ஃபிரேம் குழாயில் சென்சார் உரசுகிறதா, மயிரிழையில் தப்பிப் போகிறதா என்று கண்ணால் பார்த்து உறுதி செய்ய வேண்டும். இடைவெளி குறைவு என்று தோன்றினால் பெடல் அச்சுப் பக்கமோ, நடு அச்சுப் பக்கமோ கொஞ்சம் நகர்த்துங்கள். ரப்பர் பட்டை இறுக்கமாக இருக்க வேண்டும். தளர்ந்தால் சென்சார் திரும்பிக்கொண்டு ஃபிரேமில் அடிக்கும்.

ஒரே சென்சாரை ஸ்பீடாகவும் கேடன்ஸாகவும் மாற்றிப் பயன்படுத்தும் மாடல்களும் உண்டு. அவற்றில் பல, பேட்டரியைக் கழற்றி மறுபடி போட்டால் வேலையை மாற்றிக்கொள்ளும். அப்போது மின்னும் விளக்கின் நிறத்தைப் பார்த்து எந்த வேலையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். எந்த நிறம் எதற்கு என்பது கையேட்டில் இருக்கும்.

இரண்டாம் படி: இணைப்பது

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். புளூடூத் ஹெட்செட்டை இணைக்கிற பழக்கத்தில் போனின் புளூடூத் செட்டிங்ஸுக்குள் போய்த் தேடுவார்கள். அங்கே போக வேண்டாம். புளூடூத்தை ஆன் செய்துவிட்டு நேராகச் செயலியைத் திறந்து, அதற்குள் இருக்கும் சென்சார் பகுதியில்தான் இணைக்க வேண்டும். ஏற்கெனவே போன் செட்டிங்ஸில் இணைத்திருந்தால் அங்கிருந்து நீக்கிவிடுங்கள்.

செயலி அனுமதி கேட்கும், கொடுத்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு 12 முதல் அருகிலுள்ள சாதனங்களைத் தேடுவதற்குத் தனி அனுமதி உண்டு. அதற்கு முந்தைய பதிப்புகளில் இருப்பிட அனுமதி இல்லாவிட்டால் புளூடூத் தேடலே நடக்காது. வழியைப் பதிவு செய்வதற்கும் இருப்பிட அனுமதி வேண்டும்.

அப்புறம் சென்சாரை எழுப்ப வேண்டும். பேட்டரியைச் சேமிக்க, அசைவு இல்லாதபோது அது தூங்கிவிடும். சக்கரத்தையும் கிராங்கையும் சில சுற்று சுற்றிவிட்டு, சுற்றிக்கொண்டிருக்கும்போதே செயலியில் தேடுங்கள். பட்டியலில் சென்சாரின் பெயரோடு ஒரு எண்ணும் வரும். சென்சாரின் உடலில் அச்சிட்டிருக்கும் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். நாலு பேர் சேர்ந்து கிளம்பும் இடத்தில் முதல் முறை இணைத்தால் பக்கத்தில் நிற்பவரின் கேடன்ஸ் உங்கள் திரையில் ஓடும். அதனால் இதை வீட்டிலேயே, ஒவ்வொரு சென்சாராக முடித்துவிடுங்கள்.

பைக் கம்ப்யூட்டரிலும் இதே வேலைதான்: மெனுவில் சென்சார், புதிதாகச் சேர், வகையைத் தேர்ந்தெடு. அங்கே ஒரே சென்சார் ஏஎன்டி பிளஸ், புளூடூத் என்று இரண்டு முறை தெரியலாம். ஏதாவது ஒன்றை மட்டும் சேர்த்தால் போதும். ஏஎன்டி பிளஸ்ஸை எடுத்துக்கொண்டால் புளூடூத் இணைப்பு போனுக்கென்று காலியாக இருக்கும். முதல் முறை சேர்த்துவிட்டால் அடுத்த முறை தானாக இணைந்துகொள்ளும்.

மூன்றாம் படி: சக்கரச் சுற்றளவு

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். சென்சார் சுற்றுகளை மட்டுமே எண்ணுகிறது என்று சொன்னேன் அல்லவா? ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதைச் செயலிக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் ஒரு எண்ணை வைத்துக் கணக்குப் போடும்.

700×25 டயரின் சுற்றளவு சுமார் 2105 மி.மீ., 700×28 டயருக்குச் சுமார் 2136 மி.மீ. சக்கரம் நிமிடத்துக்கு 200 சுற்று சுற்றுகிறது என்று வையுங்கள். முதல் எண்ணை வைத்தால் மணிக்கு 25.3 கி.மீ. வரும், இரண்டாவதை வைத்தால் 25.6. சின்ன வித்தியாசம்தான், ஆனால் 100 கி.மீ. ஓட்டினால் ஒன்றரை கி.மீ. அளவுக்கு இடிக்கும். 29 அங்குலச் சக்கரமும் 2.1 அங்குல டயரும் உள்ள மவுண்டன் பைக்கில் சுற்றளவு 2288 வரை போகும். செட்டிங்கில் 2096 என்று விட்டுவைத்தால், 30 கி.மீ. ஓட்டியவருக்கு 27.5 கி.மீ. என்று காட்டும். உழைத்து ஓட்டிய தூரம் குறைந்து தெரிவது யாருக்கும் பிடிக்காது.

டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவைப் பார்த்து அட்டவணையில் தேர்ந்தெடுக்கலாம். அளந்து பார்ப்பது அதைவிட நல்லது. டயரில் எப்போதும் அடிக்கும் அளவுக்குக் காற்றை நிரப்புங்கள். சமதளத்தில் வால்வு நேர் கீழே வரும்படி சைக்கிளை நிறுத்தி, தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். சைக்கிள் மேல் நீங்கள் உட்கார்ந்திருக்க, ஒருவர் பிடித்துக்கொண்டு நேர்கோட்டில் தள்ளட்டும். எடை ஏறினால் டயர் கொஞ்சம் அமுங்கும், சுற்றளவும் குறையும், அதற்காகத்தான் உட்காரச் சொல்கிறேன். சக்கரம் மூன்று சுற்று முடிந்து வால்வு மறுபடி கீழே வந்ததும் இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள தூரத்தை மில்லிமீட்டரில் அளந்து மூன்றால் வகுங்கள். 6408 வந்தால் 2136. அந்த எண்ணைச் செயலியில் போடுங்கள்.

பல பைக் கம்ப்யூட்டர்களில், ஜிபிஎஸ் தூரத்தோடு ஒப்பிட்டுச் சுற்றளவைத் தானாகக் கண்டுபிடிக்கும் வசதி இருக்கிறது. வெளியே ஓட்டுபவருக்கு அதுவே போதும். டிரெயினரில் மட்டும் ஓட்டுபவருக்கு ஜிபிஎஸ் உதவாது, அவர் எண்ணைக் கையால் போட்டாக வேண்டும். டயரை மாற்றினால் மறுபடி அளக்க மறக்க வேண்டாம்.

நெஞ்சுப் பட்டை, பவர் மீட்டர்

இதயத் துடிப்புப் பட்டையின் உட்பக்கம் இருக்கும் மின்முனைகளைத் தண்ணீரால் நனைத்துவிட்டுக் கட்டுங்கள். காய்ந்த தோலில் முதல் சில நிமிடங்கள் எண் தாறுமாறாக வரும், வியர்த்த பிறகுதான் சரியாகும். மார்புக்குச் சற்றுக் கீழே, நழுவாத இறுக்கத்தில் இருக்கட்டும். ஓட்டி முடித்ததும் சென்சாரைப் பட்டையிலிருந்து கழற்றி வைத்துவிடுங்கள். ஈரப் பட்டையோடு விட்டால் அது உடம்பில் இருப்பதாகவே நினைத்துப் பேட்டரியைத் தின்றுகொண்டிருக்கும்.

செயலி காட்டும் துடிப்பு மண்டலங்கள், அதாவது உழைப்பின் அளவைத் துடிப்பை வைத்துப் பிரித்துக் காட்டும் படிகள், பெரும்பாலும் 220இலிருந்து வயதைக் கழித்து வரும் அதிகபட்சத் துடிப்பை வைத்துப் போட்டவை. அது வெறும் தோராயம், ஆளுக்கு ஆள் நிறையவே மாறும்.

பவர் மீட்டர் வைத்திருப்பவர்கள் கிளம்பும் முன் செயலியில் இருக்கும் கேலிப்ரேஷனை, அதாவது மீட்டரின் பூஜ்யத்தைச் சரிசெய்யும் வேலையை, ஒரு முறை செய்யுங்கள். பெடலில் கால் இருக்கக் கூடாது, கிராங்கைக் கையேடு சொல்லும் நிலையில் அசையாமல் வைக்க வேண்டும். குளிர்ந்த அறையிலிருந்து வெயிலுக்கு எடுத்து வந்தால், வெளி வெப்பத்துக்குப் பழகச் சில நிமிடம் விட்ட பிறகு செய்யுங்கள்.

நான்காம் படி: திரை

ஆசைக்கு எல்லா எண்களையும் ஒரே திரையில் வைப்பதை நான் ஆதரிக்கவில்லை. கண் சாலையில் இருக்க வேண்டும். வேகம், கேடன்ஸ், இதயத் துடிப்பு, தூரம் என்று நாலு எண்கள் பெரிதாக இருந்தால் போதும், மற்றதை இரண்டாம் பக்கத்தில் வையுங்கள்.

சராசரிக் கேடன்ஸில் பூஜ்யத்தைச் சேர்க்க வேண்டாம் என்ற செட்டிங் இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் இறக்கத்தில் மிதிக்காமல் வந்த நேரமும் சேர்ந்து சராசரியை இழுத்துவிடும். சிக்னலில் நிற்கும்போது பதிவை நிறுத்தும் ஆட்டோ பாஸும் வேண்டும். நீங்கள் நின்ற பிறகும் ஓரிரு நொடி பழைய வேகமே தெரிந்தால் பயப்படாதீர்கள். அடுத்த சுற்று வருமா என்று செயலி காத்திருந்து பார்த்த பிறகுதான் பூஜ்யம் போடும்.

ஐந்தாம் படி: சரிபார்க்கும் ஓட்டம்

வாகனங்கள் இல்லாத இடத்தில் ஒரு சின்ன சுற்று போங்கள். ஒரே சீராக மிதித்துக்கொண்டு, 15 நொடியில் வலது முழங்கால் எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணி நாலால் பெருக்குங்கள். 20 முறை என்றால் 80. திரையிலும் 80க்குப் பக்கத்தில் இருந்தால் கேடன்ஸ் சரி. தூரத்தை, கிலோமீட்டர் கல் இருக்கும் சாலையிலோ அளவு தெரிந்த ஓடுதளத்திலோ ஒப்பிட்டுப் பாருங்கள்.

வேலை செய்யாவிட்டால்

சென்சார் பட்டியலில் வரவே இல்லை என்றால், முதல் சந்தேகம் அது வேறொரு செயலியோடோ வேறொரு போனோடோ ஏற்கெனவே இணைந்திருக்கிறது என்பது. டிரெயினர் செயலி ஓடும் லேப்டாப், பழைய போன், டேப்லெட் எல்லாவற்றிலும் புளூடூத்தை அணைத்துவிட்டுத் தேடுங்கள். அதற்கும் வராவிட்டால் பேட்டரியைக் கழற்றி, சில நொடி விட்டு, மறுபடி போடுங்கள்.

நடுநடுவே விட்டுப் போகிறதா? போன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை மனித உடல் நன்றாகவே தடுக்கும். ஜெர்சியின் முதுகுப் பாக்கெட்டில் போனும் முன் சக்கரத்தில் சென்சாரும் இருந்தால், நடுவில் உங்கள் உடம்பு இருக்கிறது. சென்சாரைப் பின் ஹப்புக்கு மாற்றுங்கள், அல்லது போனை ஹேண்டில்பாருக்குக் கொண்டுவாருங்கள். சில நொடி விட்டுப் போனதால் தூரம் பெரும்பாலும் குறையாது. சென்சார் அனுப்புவது மொத்தச் சுற்றுக் கணக்கு, இணைப்பு திரும்பியதும் விடுபட்ட சுற்றுகளையும் சேர்த்தே செயலி எடுத்துக்கொள்ளும்.

திரை அணைந்த சிறிது நேரத்தில் பதிவே நின்றுவிட்டால், ஆண்ட்ராய்டு போன் பேட்டரியைச் சேமிக்கச் செயலியை மூடிவிட்டது என்று அர்த்தம். போன் செட்டிங்ஸில் அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை நீக்குங்கள்.

ஓட்டத்தை வேறு இடத்துக்கு மாற்றும்போது வாய்ப்பிருந்தால் ஃபிட் (FIT) வகைக் கோப்பாக எடுங்கள், சென்சார் விவரம் எல்லாம் அதில் இருக்கும். இன்னொரு வகையான ஜிபிஎக்ஸ் (GPX) அடிப்படையில் வழித்தடத்துக்கான கோப்பு. கேடன்ஸும் துடிப்பும் அதில் வரலாம், வராமலும் போகலாம்.

பேட்டரி பெரும்பாலும் சிஆர் 2032 நாணய வகைதான். மாற்றும்போது கூட்டல் குறி உள்ள பக்கம் மூடியைப் பார்த்து இருக்கிறதா என்றும், மூடியைச் சுற்றி இருக்கும் ரப்பர் வளையம் இடத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். வளையம் விலகினால் மழையில் தண்ணீர் இறங்கிவிடும். சைக்கிளைக் காரில் வைத்து நெடுந்தூரம் கொண்டுபோனால், குலுங்கக் குலுங்க சென்சார் விழித்துக்கொண்டே வரும். அந்த மாதிரிப் பயணத்துக்கு முன் அதைக் கழற்றிப் பையில் தனியாக வைத்தாலும் குலுக்கல் இருக்கும், அதனால் பேட்டரியையே வெளியே எடுத்துவிடுவது நல்லது.