காலையில் பறந்த வண்டி: பழைய கிராலர் லோடர் வாங்குவோர் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு தம்பி தம் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். சிங்கப்பூரின் துவாஸ் பக்கத்து யார்டு ஒன்றில் பழைய கிராலர் லோடர் ஒன்று, அதாவது சக்கரத்துக்குப் பதில் இரும்புச் சங்கிலிகளில் ஓடி முன்வாளியால் மண் அள்ளும் வண்டி, கான்கிரீட் தரையில் இருபது மீட்டர் முன்னே போய், அதே தடத்தில் பின்னே வந்து, வாளியைத் தூக்கி இறக்கிவிட்டு நின்றது. எல்லாம் சேர்த்து இரண்டு நிமிடம். “அண்ணே, வண்டி சும்மா பறக்குது, அட்வான்ஸ் குடுத்துடவா?” என்று கேட்டார். 2010இல் நானும் இதே வார்த்தையைத்தான் என் முதலாளியிடம் சொன்னேன் என்பது நினைவுக்கு வர, பழைய எரிச்சல் அப்படியே திரும்பியது.

எண்ணெய்க் கசிவைப் பார்க்க வேண்டும், பேட்டரியைப் பார்க்க வேண்டும் என்பவற்றை நான் எழுதப் போவதில்லை. சைக்கிள் வாங்குபவர்கூட அவ்வளவு பார்ப்பார்.

சூடேற்றி வைத்த எஞ்சினை ஏற்றுக்கொள்வது

பழைய டீசல் எஞ்சினின் குறைகள் முதல் ஸ்டார்ட்டில்தான் வெளிப்படும். கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்றை அழுத்தும் திறன், இறங்கிய எஞ்சின் பலமுறை சுற்றிய பிறகே பற்றிக்கொள்ளும். பற்றிய பின்னும் வெள்ளைப்புகை நெடுநேரம் அடங்காது. விற்பவருக்கு இது தெரியும் என்பதால், நாம் ஒன்பது மணிக்கு வருவதாகச் சொன்னால் எட்டரைக்கே ஓட்டிச் சூடேற்றி வைத்திருப்பார். ஆகவே சொன்ன நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், வணக்கம் சொல்லும் முன்பே எஞ்சின் பிளாக்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அன்று பேசுவதற்கு ஒன்றுமில்லை. கோப்பி குடித்துவிட்டு வேறொரு நாள் சொல்லாமல் போகலாம். ஓடத் தொடங்கியதும் எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் மெல்லிய ஆவி வருவது இயல்பு. விட்டுவிட்டு மூச்சு வாங்குவது போலப் புகை தள்ளினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது.

டிரைவைக் குளிர்ந்த நிலையிலேயே சோதிப்பது

என் பணத்தைத் தின்ற தவறு இதுதான். எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் பார்க்க வேண்டும்; எஞ்சினின் சக்தியைச் சங்கிலிகளுக்குக் கொண்டுபோகும் டிரைவைக் கொதிக்கும் நிலையில் பார்க்க வேண்டும். புதிதாக வருபவர்கள் பத்தில் ஒன்பது பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கேட்டர்பில்லர் 953, 963, 973 போன்று 1980களில் வந்த கிராலர் லோடர்களில் கியர்பெட்டியின் வேலையை ஹைட்ரோஸ்டாட்டிக் டிரைவ் செய்கிறது. எஞ்சின் இரண்டு பம்புகளைச் சுற்றுகிறது; ஒவ்வொரு பம்பும் தன் பக்கத்து மோட்டாருக்கு உயர் அழுத்தத்தில் எண்ணெயை அனுப்ப, அந்த மோட்டார் அந்தப் பக்கத்துச் சங்கிலியை இழுக்கிறது. பம்புக்குள் இருக்கும் பிஸ்டன்களும் தட்டுகளும் தேயும்போது இடைவெளி விழுகிறது. காலையில் எண்ணெய் கெட்டியாக இருப்பதால் அந்த இடைவெளியை எண்ணெயே அடைத்துக்கொள்கிறது, வண்டியும் புதியது போல ஓடுகிறது. எண்ணெய் சூடாகி நீர்த்ததும் அழுத்தம் இடைவெளி வழியாக உள்ளுக்குள்ளேயே கசிந்துவிடுவதால் வெளியே ஒரு சொட்டும் தெரியாது.

2010இல் சுங்கை காடுட் பக்கம் ஒரு யார்டில் அப்படியொரு வண்டியை நான்தான் ஓட்டிப் பார்த்தேன். யார்டில் மேடும் இல்லை, அள்ளுவதற்கு மண்ணும் இல்லை. கான்கிரீட் தரை பெயர்ந்துவிடும் என்று வட்டமடிக்கவும் விடவில்லை. கால் மணி நேரம் நேராக முன்னும் பின்னும் ஓட்டியதோடு சரி. வண்டிகளை ஏற்றிச் செல்லும் லோபெட் லாரியில் சைட்டுக்குக் கொண்டுபோன முதல் நாள், காலை எட்டு மணிக்கு வண்டி துள்ளிக்கொண்டு ஓடியது. பதினொரு மணிக்கு இடதுபக்கச் சங்கிலி பின்தங்கத் தொடங்கி, நேராகப் போக வேண்டிய வண்டி இடப்பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போயிற்று. இரண்டு மணிக்கு நிறைந்த வாளியுடன் சரிவுப் பாதையில் ஏற முடியாமல், எஞ்சின் முழு வேகத்தில் உறுமிக்கொண்டிருக்க, சங்கிலிகள் மட்டும் அசையாமல் நின்றன. ஆபரேட்டர் அணைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனார். முக்கால் மணி நேரம் கழித்து வந்து ஏறினால் வண்டி சுகமாக ஏறியது. ஓய்வு கொடுத்தால் தானே குணமாகும் நோய் என்பதால், நாங்கள் அதை மூன்று வாரம் நோய் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. ஃபில்டரை மாற்றினோம், எண்ணெயை மாற்றினோம், கூலரைக் கழுவினோம். கடைசியில் பம்பைப் பிரித்தபோது உள்ளே இருந்த தட்டில் நகத்தை வைத்தால் மாட்டிக்கொள்ளும் அளவுக்குக் கீறல்கள் இருந்தன. பழுதுபார்த்த செலவு வண்டியின் விலையில் பாதியைத் தாண்டிவிட்டது. முதலாளி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை; அவர் திட்டியிருந்தால் நான் அன்றே மறந்திருப்பேன்.

ஆகவே, வண்டியைக் குறைந்தது ஒரு மணி நேரமாவது பாரத்தோடு ஓட்டிய பிறகே முடிவு சொல்லுங்கள். யார்டில் இடமில்லை என்றால், லோபெட் வாடகையை நாமே ஏற்று, அரை நாள் வாடகைக்கு எடுத்து, நம் சைட்டில் மண் அள்ள வைத்துப் பார்க்கலாம்; வாங்கினால் அந்த வாடகையை விலையில் கழித்துக்கொள்வது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். இதற்கு ஒப்பாத விற்பனையாளரும் ஒரு தகவலைத் தந்துவிடுகிறார். சூடான பிறகு இரண்டு காரியங்கள் செய்யுங்கள். சமதரையில் நேராக ஓட்டி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பாருங்கள். பிறகு, தெரிந்த மெக்கானிக்கை வைத்து, மோட்டாருக்குள் கசியும் எண்ணெயை வெளியேற்றும் கேஸ் டிரெய்ன் குழாயிலிருந்து ஒரு நிமிடத்தில் எவ்வளவு எண்ணெய் வருகிறது என்று இரு பக்கமும் அளந்து ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக ஊற்றினால் அந்தப் பக்க மோட்டார் தேய்ந்திருக்கிறது.

955, 977 போன்ற அதற்கு முந்தைய வண்டிகளில், எண்ணெய் அழுத்தத்தால் கியர் மாறும் பவர்ஷிப்ட் கியர்பெட்டி இருக்கும். அங்கும் இதே கதைதான்: காலையில் சட்டென்று பிடிக்கும் கியர், சூடானபின் முன்னிலிருந்து பின்னுக்கு மாற்றும்போது இரண்டு மூன்று விநாடி யோசித்துவிட்டுப் பிடித்தால், உள்ளே கிளட்ச் வழுக்குகிறது.

இறுக்கமான சங்கிலியை நல்ல சங்கிலி என்று நம்புவது

தேய்ந்த சங்கிலி நீளும், நீண்டால் தொய்யும். அட்ஜஸ்டரில் கிரீஸ் அடித்தால் முன்சக்கரமாகிய ஐட்லர் முன்னே நகர்ந்து தொய்வை மறைத்துவிடும். எனவே தொய்வைப் பார்க்காமல், ஐட்லர் எவ்வளவு தூரம் தள்ளப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அதற்கு மேல் நகர இடமில்லை என்றால் சங்கிலியின் ஆயுள் முடிந்தது. சிலர் ஒரு கண்ணியையே கழற்றிவிடுவார்கள். தரையில் படும் தகடுகளான ஷூக்களை இரு பக்கமும் எண்ணிப் பாருங்கள். ஒரு மணி நேரம் ஓட்டியதும் இறங்கி, கண்ணிகளை இணைக்கும் ஒவ்வொரு பின்னின் முனையையும் புறங்கையால் தொட்டுக்கொண்டே போங்கள். எண்ணெய் அடைத்த வகைச் சங்கிலியில், மற்றவை வெதுவெதுப்பாக இருக்க ஒன்று மட்டும் சுட்டால், அதனுள் எண்ணெய் வற்றிவிட்டது. லோடரின் பாரம் முன்பக்கம் விழுவதால் முன் ரோலர்களை முதலில் பாருங்கள்.

வண்டி ஓடிய மணிநேரம் காட்டும் மீட்டரை நம்புவது

பெடலின் தேய்மானத்தை நம்புங்கள்.

புதுப் பெயின்டில் மயங்குவது

வாளிக் கைகள் ஃபிரேமோடு சேரும் இடத்தில் விளக்கடித்துப் பாருங்கள். பெயின்டுக்கு அடியில், விரிசலை அடைத்த வெல்டிங் வரி இருக்கலாம்.

ஃபைனல் டிரைவைத் திறக்காமல் விடுவது

நிலமீட்பு வேலையில் கடல்மணலிலும் உப்புநீரிலும் கிடந்த வண்டிகள் இங்கே ஏராளம். சங்கிலியைச் சுற்றும் கடைசிப் பற்சக்கரப் பெட்டிதான் ஃபைனல் டிரைவ். இரு பக்கமும் அதன் டிரெய்ன் பிளக்கைச் சற்றுத் தளர்த்தி ஒரு குவளை எண்ணெய் எடுங்கள். பால் கலந்தது போலிருந்தால் சீல் போய் நீர் நுழைந்திருக்கிறது. வெயிலில் காட்டும்போது உலோகத் துகள் மினுமினுத்தால் பற்சக்கரமோ பேரிங்கோ தேய்கிறது.

எங்கே ஓட்டப் போகிறோம் என்பதைப் பிறகு யோசிப்பது

2012 ஜூலை 1 முதல், சிங்கப்பூரில் பயன்படுத்துவதற்காக இறக்குமதியாகும் இத்தகைய வண்டிகளின் டீசல் எஞ்சின்கள் ஐரோப்பாவின் ஸ்டேஜ் 2, அமெரிக்காவின் டியர் 2, ஜப்பானின் டியர் 1 ஆகிய மாசுத் தரங்களுள் ஒன்றையாவது எட்டியிருக்க வேண்டும் என்பது தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் விதி. 1980களின் எஞ்சின் அதை எட்டாது. யார்டில் நிற்பது மறு ஏற்றுமதிக்காக வந்த வண்டியா, இங்கே ஓட்டத் தகுந்ததா என்பதை விலை பேசும் முன்பே தாள்களில் பார்த்துவிடுங்கள்.

அந்தத் தம்பி அட்வான்ஸ் கொடுக்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அரை நாள் வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்த்தார். மதியம் அழைத்து, “அண்ணே, வலது பக்கம் இழுக்குது” என்றார். பின்களைத் தொட்டுக் கை சுட்டுக்கொள்ள வேண்டாமே என்று வெப்பம் அளக்கும் என் துப்பாக்கியை அவரிடம் கொடுத்திருந்தேன். அது இன்னும் திரும்பி வரவில்லை.