முதல் டிரவுசரும் மிச்சத் துணியில் ஒரு மீனும்: காகித வெட்டு வைத்துக் குழந்தைக்குத் தைக்கலாம் வாங்க

தையல் மிஷின் வீட்டுக்கு வந்ததும் பலரும் முதலில் தைக்க ஆசைப்படுவது பாப்பாவுக்கு ஒரு கௌன். ஆசை நியாயம்தான். ஆனால் கழுத்து வளைவு, கைக்குழி, சுருக்கு, முதுகில் ஜிப் என்று நான்கு வேலைகள் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது எலாஸ்டிக் வைத்த அரைக்கால் டிரவுசர். ஆண் குழந்தை, பெண் குழந்தை யாருக்கும் ஆகும். ஒரே ஒரு காகித வெட்டு (துணிமேல் வைத்து வெட்ட அளவுக்குச் செய்த காகித மாதிரி), இரண்டு துண்டு துணி, பட்டனும் இல்லை, காஜாவும் இல்லை. மிஞ்சும் துணியில் ஒரு மீன் பொம்மையும் கிடைக்கும்.

இரண்டு வயதுக் குழந்தைக்கு என்று வைத்துச் சொல்கிறேன்: இடுப்பு 20 இஞ்ச், சீட் (பின்புறம் அகலமாக இருக்கும் இடத்தில் சுற்றளவு) 21 இஞ்ச், தைத்து முடித்த பிறகு பக்க நீளம் 10 இஞ்ச். உங்கள் பிள்ளைக்கு இது சரியாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரே வயதில் இரண்டு குழந்தைகள் ஒரே உருவத்தில் இருப்பதில்லை. டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். டயப்பர் போடுகிற பிள்ளை என்றால் டயப்பரோடு சேர்த்தே சீட்டை அளக்க வேண்டும்.

துணி

36 இஞ்ச் அகலத்தில் பருத்தி பாப்ளின் அரை மீட்டர் போதும். வழுக்கும் துணியும் இழுபடும் பனியன் துணியும் கொஞ்ச நாள் பொறுக்கட்டும். மெல்லிய கட்டம் போட்ட துணியாக எடுத்தால் கோடே வழிகாட்டும், நேராக வெட்டவும் நேராகத் தைக்கவும் கண் பழகும்.

வாங்கிய துணியை அப்படியே வெட்டக் கூடாது. இரவு தண்ணீரில் ஊறவைத்து, பிழியாமல் நிழலில் காயப்போட்டு, லேசான ஈரத்தோடு இஸ்திரி போடுங்கள். பருத்தி முதல் நனைப்பில் சுருங்கும், சாயமும் கொஞ்சம் இறங்கும். அது வெட்டுவதற்கு முன்பே நடந்துவிடட்டும்.

நெடுக்கு எது, குறுக்கு எது என்று தெரியவில்லையா? துணியின் இரு பக்கமும் கெட்டியாக ஓடும் கரையைப் பாருங்கள். கரை ஓடும் திசைதான் நெடுக்கு. அந்தத் திசையில் இழுத்தால் துணி கொடுக்காது, குறுக்கே இழுத்தால் சற்றுக் கொடுக்கும். டிரவுசரின் நீளம் நெடுக்கில்தான் வர வேண்டும்.

காகித வெட்டு

இந்த வேலையின் உயிரே இதுதான், இதில் அவசரமே கூடாது. துணியைத் தப்பாக வெட்டினால் போனது போனதுதான். காகிதத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் அழித்துப் போடலாம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸைச் சேர்ந்த எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர் 1863இல் அளவு வாரியாகக் காகித வெட்டுகளை விற்க ஆரம்பித்தார். அதன் பிறகு ஆயிரக்கணக்கான வீடுகளில் பெண்கள் தாங்களே உடை தைக்கத் துணிந்ததற்கு அந்த மெல்லிய காகிதமே காரணம்.

நோட்டுக்கு அட்டை போடும் பிரவுன் பேப்பர் இதற்கு நல்லது. செய்தித்தாளின் மை வெள்ளைத் துணியில் ஒட்டும். பிள்ளைக்கு இப்போது சரியாக இருக்கும் டிரவுசர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். காகிதத்தின் நடுவில் ஸ்கேல் வைத்து மேலிருந்து கீழாக ஒரு நேர்கோடு போடுங்கள். இது பக்கக் கோடு. டிரவுசரை ஒரு கால்மேல் இன்னொரு கால் வரும்படி, முன்பக்கம் வெளியே தெரிய மடியுங்கள். வெளிப்பக்க ஓரம் கோட்டோடு ஒட்டி இருக்க வேண்டும். இடுப்பு எலாஸ்டிக்கை நன்றாக இழுத்து, மேலே இரண்டு கனமான புத்தகங்களை வையுங்கள். எலாஸ்டிக் சுருங்கிய நிலையில் வரைந்தால் டிரவுசர் பிள்ளையின் தொடையைத் தாண்டி ஏறாது.

இப்போது இடுப்பு, கவட்டு வளைவு, உள்கால், கால் விளிம்பு எல்லாவற்றையும் பென்சிலால் சுற்றி வரையுங்கள். பிறகு பின்பக்கம் வெளியே வருமாறு திருப்பி மடித்து, அதே கோட்டின் மறுபுறம் வைத்து வரையுங்கள். முன்னும் பின்னும் பக்கக் கோட்டில் சேர்ந்து ஒரே துண்டாகிவிட்டது. பக்கத் தையலே தேவையில்லை. பின்பக்க வளைவு முன்பக்கத்தைவிட ஆழமாகவும், பின் இடுப்பு ஏறக்குறைய 1 இஞ்ச் உயரமாகவும் இருப்பதைக் கவனியுங்கள். குழந்தை குனியும்போதும் உட்காரும்போதும் டிரவுசர் கீழே இறங்காமல் பிடித்துவைப்பது இந்த 1 இஞ்ச்தான். உங்கள் வரைபடத்தில் அது இல்லையென்றால் சேர்த்து வரையுங்கள்.

அடுத்து சரிபார்ப்பு. வளைவு தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே காகிதத்தின் அகலத்தை அளந்து இரண்டால் பெருக்குங்கள். சீட் அளவைவிட 4 இஞ்ச் கூடுதலாக, அதாவது 25 இஞ்ச் வர வேண்டும். குறைந்தால் பக்கக் கோட்டில் வெட்டி, இடையில் ஒரு பட்டைக் காகிதம் ஒட்டிக்கொள்ளலாம்.

கடைசியாகத் தையலுக்கு விடும் அளவு. உள்காலிலும் கவட்டு வளைவிலும் அரை இஞ்ச். மேலே எலாஸ்டிக் பட்டிக்கு ஒன்றேகால் இஞ்ச். கீழே மடிப்புக்கு 1 இஞ்ச். இந்தக் கோடுகளை வேறு நிறத்தில் போட்டு, வெளிக் கோட்டில் வெட்டுங்கள். காகிதத்தின் மேலேயே "முன்", "பின்", நெடுக்கைக் காட்டும் அம்புக்குறி, குழந்தையின் அளவு, தேதி எல்லாம் எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து பீரோவிலிருந்து எடுக்கும்போது எழுதாத காகிதம் வெறும் குப்பை. எழுதிய காகிதம் என்றால் பக்கக் கோட்டில் அரை இஞ்ச், நீளத்தில் 1 இஞ்ச் கூட்டி அடுத்த அளவுக்குத் தயாராகிவிடலாம்.

இணையத்தில் வெட்டு மாதிரி பதிவிறக்கம் செய்கிறவர்களுக்கு ஒன்று. பிரிண்ட் எடுக்கும்போது "நூறு சதவீத அளவு" என்பதைத் தேர்ந்தெடுங்கள். "பக்கத்துக்குள் அடக்கு" என்று விட்டுவிட்டால் எல்லாமே சிறுத்துப்போகும். பெரும்பாலும் முதல் தாளில் ஒரு சோதனைச் சதுரம் இருக்கும், அதை ஸ்கேலால் அளந்த பிறகே மற்றத் தாள்களை ஒட்டுங்கள். தையலுக்கு விட்டிருக்கிறார்களா என்றும் படித்துப் பாருங்கள், ஒவ்வொருவர் வழக்கம் ஒரு மாதிரி.

வெட்டுதல்

இரண்டு கரைகளும் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி, நல்ல பக்கம் உள்ளே இருக்கத் துணியை இரண்டாக மடியுங்கள். அம்புக்குறி கரைக்கு இணையாக இருக்கும்படி காகிதத்தை வைத்துக் குண்டூசி குத்துங்கள். மடிப்போடு ஒட்டி வைக்காதீர்கள், இரண்டு துண்டாகத்தான் வர வேண்டும். சாக்கால் சுற்றி வரைந்து வெட்டுங்கள். வெட்டிய துண்டுகளைப் பக்கத்துத் தையல் கடையில் கொடுத்தால் நூல் பிரியாமல் இருக்க ஓரம் முழுக்க ஓவர்லாக் அடித்துத் தருவார்கள். மிஷினில் ஜிக்ஜாக் இருந்தால் வீட்டிலேயே அடிக்கலாம்.

தைத்தல்

மிஷினில் 14ஆம் நம்பர் ஊசி. தையல் நீளம் இரண்டரையில் இருக்கட்டும். முதலில் ஒரு வெட்டுத் துணியில் ஓட்டிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் நூல் வளையம் வளையமாக நின்றால் பழி பாபினுடையது (அடி நூல் சுற்றிய சிறு உருளை) இல்லை. பெரும்பாலும் மேல் நூல் சரியாகக் கோக்கப்படாமல் இருக்கும். கழற்றி மறுபடி கோத்தால் சரியாகிவிடும்.

ஒவ்வொரு துண்டையும் நல்ல பக்கம் உள்ளே வருமாறு மடித்து, உள்காலைத் தைக்கவும். தொடங்கும் இடத்திலும் முடிக்கும் இடத்திலும் இரண்டு தையல் பின்னால் ஓட்டிக் கெட்டிப்படுத்துங்கள். இப்போது கையில் இரண்டு குழாய்கள்.

அடுத்ததுதான் புதியவர்களுக்குக் குழப்பம் வரும் இடம், மெதுவாகச் செய்யுங்கள். ஒரு குழாயை மட்டும் நல்ல பக்கம் வெளியே வரத் திருப்புங்கள். அதை மற்றொன்றுக்குள் நுழைத்துவிடுங்கள். இரண்டின் நல்ல பக்கங்களும் இப்போது முகம் பார்த்து இருக்கும். முன்னோடு முன், பின்னோடு பின் சேர்கிறதா என்று பாருங்கள். உள்கால் தையல்கள் இரண்டும் சந்திக்கும் புள்ளியில் முதல் குண்டூசி. அங்கிருந்து இரு பக்கமும் மேலே குத்திக்கொண்டே போங்கள். முன் இடுப்பில் தொடங்கி பின் இடுப்பு வரை 'ப' போல ஒரே ஓட்டமாகத் தைக்கவும். வளைவு வரும் இடத்தில் துணியை இழுக்காதீர்கள். ஊசியைத் துணிக்குள் இறக்கிவிட்டு, துணியை அழுத்தும் மிஷின் காலைத் தூக்கி, துணியைத் திருப்பி, காலை இறக்கி மறுபடி ஓட்டுங்கள். பிள்ளை ஓடும்போதும் ஏறும்போதும் எல்லா இழுப்பும் இங்கேதான் விழும். அதனால் வளைவின் மேலேயே இரண்டாவது தையல் கட்டாயம் போடுங்கள். பிறகு கத்தரிக்கோல் நுனியால் வளைவில் அங்கங்கே சிறு வெட்டு. தையலைத் தொடாமல் நூலிழை தூரத்தில் நிறுத்திவிட வேண்டும். இந்த வெட்டு இல்லாவிட்டால் கவட்டில் துணி சுருண்டு பிள்ளைக்கு உறுத்தும்.

இடுப்பில் கால் இஞ்ச், பிறகு 1 இஞ்ச் மடித்து இஸ்திரி போட்டு, கீழ் ஓரத்தை ஒட்டித் தைக்கவும். பின்பக்கம் 2 இஞ்ச் திறந்து விடுங்கள். முக்கால் இஞ்ச் அகல எலாஸ்டிக்கை இடுப்பு அளவுக்கே, 20 இஞ்ச் வெட்டினால் போதும். முனைகளை 1 இஞ்ச் ஏற்றித் தைக்கும்போது தேவையான இறுக்கம் தானே வந்துவிடும். வயிற்றில் தடம் பதியுமளவு இறுக்கக் கூடாது. எலாஸ்டிக்கின் ஒரு முனையில் ஊக்கைக் கோத்து உள்ளே செலுத்தி, முறுக்கு விழாமல் பார்த்து, முனைகளைச் சதுரமாகத் தைத்து, திறப்பை மூடுங்கள். மூடும்போது உள்பக்கம் ஒரு சிறு ரிப்பன் துண்டைச் சேர்த்துத் தைத்தால், எது பின்பக்கம் என்று குழந்தைக்கே தெரியும். கால் விளிம்பைக் கால் இஞ்ச், முக்கால் இஞ்ச் என்று மடித்துத் தைத்தால் டிரவுசர் தயார்.

மீன்

ஜெர்மனியின் கீங்கன் ஊரில், சிறு வயதில் போலியோவால் நடக்க முடியாமல் போன மார்கரெட் ஸ்டெய்ஃப், பத்திரிகை ஒன்றில் வந்த வெட்டு மாதிரியைப் பார்த்து 1880 வாக்கில் ஃபெல்ட் துணியில் குட்டி யானைகள் தைத்தார். ஊசி குத்தி வைக்கச் செய்தவை. குழந்தைகள் அவற்றை எடுத்து விளையாட ஆரம்பிக்க, அதுவே பெரிய பொம்மைத் தொழிலானது. யானையில் நாலு கால், தும்பிக்கை என்று திருப்பக் கஷ்டமான மூலைகள் நிறைய. மீன் எளிது.

பேப்பரில் 7 இஞ்ச் நீளம், நாலரை இஞ்ச் உயரத்துக்கு ஒரு குண்டு மீன் வரையுங்கள். வாலும் உடலும் சேரும் கழுத்து ஒன்றரை இஞ்சுக்குக் குறையக் கூடாது, குறைந்தால் பஞ்சு நுழையாது.

பொம்மைக்கு வெட்டிவிட்டுத் தைப்பதைவிடத் தைத்துவிட்டு வெட்டுவது நல்லது. மிச்சத் துணியின் கெட்ட பக்கத்தில் மீனை வரைந்து, கண்கள் வரும் இடங்களில் முதலில் எம்பிராய்டரி நூலால் நிரப்புத் தையல் போடுங்கள். பட்டன் கண், மணி, சலங்கை எதுவும் வேண்டாம். மூன்று வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் பொம்மைகளைப் பரிசோதிக்கும் உருளையின் வாய் 31.7 மில்லிமீட்டர். அதற்குள் அடங்கும் எந்தப் பொருளும் தொண்டையில் சிக்கலாம் என்பதே கணக்கு. சட்டைப் பட்டன் அதைவிட எவ்வளவோ சிறியது.

இரண்டு துணிகளின் நல்ல பக்கங்களையும் சேர்த்து, கோட்டின்மேல் சின்னத் தையலாக ஓட்டுங்கள். வயிற்றுப் பக்கம் இரண்டரை இஞ்ச் விட்டுவிடுங்கள். பிறகு கால் இஞ்ச் தள்ளி வெட்டுங்கள். உள்வளைவில் நேர் வெட்டு, வெளிவளைவில் சிறு முக்கோணம் எடுத்துவிட்டு, பென்சிலின் மழுங்கிய முனையால் திருப்புங்கள்.

உள்ளே நிரப்ப இலவம்பஞ்சு நினைவுக்கு வரும். தலையணைக்கு அதற்கு ஈடில்லை. ஆனால் வாயில் வைக்கும் பொம்மையை அடிக்கடி துவைக்க வேண்டும். நனைந்தால் இலவம்பஞ்சு கட்டிதட்டிப்போகும், காய நாளாகும். பாலியஸ்டர் பஞ்சு வாங்குங்கள். பழைய பனியனைப் பொடியாக வெட்டியும் நிரப்பலாம், பொம்மை சற்றுக் கனக்கும், அவ்வளவுதான். முதலில் வால், பிறகு தலை, கடைசியில் வயிறு என்று சின்னச் சின்னதாகத் திணியுங்கள்.

திறப்பின் ஓரங்களை உள்ளே மடித்து, இரட்டை நூலில் மடிப்புக்குள்ளேயே மாறி மாறிக் குத்தி நெருக்கமாக மூடுங்கள். கொடுப்பதற்கு முன் வாலையும் தலையையும் பிடித்துப் பலமாக இழுத்துப் பாருங்கள். எங்கேயாவது தையல் வாய் பிளந்தால், அந்த இடத்தில் கையாலேயே இன்னொரு வரி போட்டுவிட்டுக் கொடுங்கள்.