கிளிப் கழற்றிய பிறகு: ரிட்டெய்னர் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்லில் கிளிப் கழற்றும் நாளில் எல்லோருடைய கண்ணும் கண்ணாடியில்தான் இருக்கும். மருத்துவர் கையில் கொடுக்கும் சின்ன டப்பாவை யாரும் பொருட்படுத்துவதில்லை. நேரான பல் மறுபடி நகராமல் பிடித்துவைக்கும் ரிட்டெய்னர் அதற்குள்தான் இருக்கிறது. இரண்டு ஆண்டு பொறுமையும் செலவும் வீணாகத் தொடங்குவது பெரும்பாலும் அங்கேதான்.

"பல் நேராகிவிட்டது, இனி எங்கே போகப்போகிறது?" என்று நினைப்பதுதான் முதல் தவறு. பல் எலும்போடு ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. நுண்ணிய நார்கள்தான் அதை எலும்போடு பிணைக்கின்றன. பல் புது இடத்துக்கு வந்தபின் இந்த நார்கள் ஒழுங்குக்கு வர மூன்று, நான்கு மாதம் ஆகும். பல்லின் கழுத்தைச் சுற்றி ஈறில் இருக்கும் மீள்தன்மை கொண்ட நார்களுக்கோ ஏறக்குறைய ஓர் ஆண்டு வேண்டும். அதுவரை, குறிப்பாகத் திருகியிருந்த பற்களை, அவை பழைய பக்கமே இழுத்துக்கொண்டிருக்கும்.

ஓர் ஆண்டோடு முடிந்துவிடுமா என்றால், அதுவும் இல்லை. கிளிப்பே போடாதவர்களுக்குக்கூட வயது ஏற ஏறக் கீழ் முன்பற்கள் நெருக்கியடிக்கும். ரிட்டெய்னரை நிறுத்திப் பத்து ஆண்டு கடந்தவர்களை அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் லிட்டில் குழுவினர் ஆராய்ந்தபோது, கீழ்ப்பல் வரிசை திருப்தியாக இருந்தவர்கள் 30 சதவீதத்துக்கும் குறைவு. எனவே "எத்தனை வருஷம் போட வேண்டும்?" என்று கேட்பவர்களுக்கு என் பதில்: பல் நேராக இருக்க வேண்டும் என்று நினைக்கும்வரை. தொடக்கத்தில் எத்தனை மணி நேரம் என்பதை மருத்துவர் சொல்வார். பிறகு இரவில் மட்டும் போட்டால் பெரும்பாலும் போதும். வரிசை கலைந்ததும் பழியை ஞானப்பல்லின் மேல் போடுவது நம் வழக்கம். பாவம் அது, அதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை.

இதைவிட மோசமான தவறு, இறுக்கத்தைத் தப்பாகப் புரிந்துகொள்வது. நான்கைந்து நாள் போடாமல் விட்டு மறுபடி போட்டால் ரிட்டெய்னர் இறுகி, பல் வலிக்கும். "அளவு சரியில்லை" என்று முடிவுகட்டி அதை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். உண்மையில் ரிட்டெய்னர் சுருங்கவில்லை, பல்தான் நகர்ந்திருக்கிறது. இறுக்கமாக இருந்தாலும் முழுமையாக உட்கார்ந்தால், சில நாள் கூடுதல் நேரம் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். பல்லுக்கும் ரிட்டெய்னருக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால், கடித்து அழுத்தி உள்ளே தள்ள வேண்டாம். உடைவது ஒருபுறம் இருக்க, பல்லுக்கும் கேடு. இரண்டு, மூன்று நாளுக்குள் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தொலைப்பதில் நம் ஊருக்கென்று ஒரு வழி இருக்கிறது. கல்யாணப் பந்தியில் கழற்றி இலை ஓரத்தில் வைப்பார்கள். பாயசம் வருவதற்குள் மறந்துபோகும். இலையை மடித்தால் ரிட்டெய்னரும் இலையோடு போய்விடும். ஹோட்டலில் டிஷ்யூ காகிதத்தில் சுற்றி வைத்தாலும் அதே கதிதான். வாயில் இல்லையென்றால் டப்பாவில் இருக்க வேண்டும்.

நிறமற்ற வகை ரிட்டெய்னர், பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி, பல் அச்சின் மேல் படியவைத்துச் செய்யப்படுவது. சூட்டில் உருவானது சூட்டிலேயே உருக்குலையும். வெந்நீரில் போடுவதும், வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிட்டுப் போவதும் அதனால்தான் கூடாது. பற்பசை போட்டுத் தேய்த்தால் கீறல் விழுந்து, அழுக்கும் நாற்றமும் அதில் தங்கும். சாதாரண நீர், ஒரு துளி மென்மையான சோப்பு, மெல்லிய பிரஷ் போதும். அதைப் போட்டுக்கொண்டே காபியோ குளிர்பானமோ குடித்தால் சர்க்கரை பல்லுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். உமிழ்நீரால் கழுவ முடியாது. தண்ணீர் மட்டும் குடிக்கலாம்.

கழற்றும் ரிட்டெய்னருக்குப் பதில் பல்லின் பின்னால் நிலையாகக் கம்பி ஒட்டியிருப்பவர்கள் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். சீடை, முறுக்கு, கரும்பு என்று கடிக்கும்போது ஒரே ஒரு பல்லில் மட்டும் ஒட்டு விட்டுவிடும். கம்பி அங்கேயே இருப்பதால் ஒன்றும் தெரியாது; அந்தப் பல் மட்டும் மெல்ல விலகும். நாக்கால் தடவும்போது புதிதாக ஏதாவது உறுத்தினால் காத்திருக்காதீர்கள். கம்பிக்கு அடியில் பற்காரை (கெட்டியாகப் படியும் அழுக்கு) சேரும் என்பதால், பல்லிடுக்கில் நுழையும் சின்ன பிரஷால் தினமும் சுத்தம் செய்ய வேண்டும்.

கிளிப் கழற்றும் நாளில் எடுக்கும் பல் அச்சையோ ஸ்கேனையோ கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பல் நகராமல் இருக்கும்வரை, தொலைந்த ரிட்டெய்னருக்குப் பதில் அதை வைத்தே இன்னொன்று செய்துவிடலாம்.