முதியவர்களோடு நட்பு: உதவி என்ற பெயரில் நேரும் தவறுகள்

தனியாக வாழும் முதியவர்களை வாரந்தோறும் சென்று பார்த்து அவர்களோடு நட்புக் கொள்ள முன்வரும் இளைஞர்களுக்கு நான் பல ஆண்டுகளாக வழிகாட்டி வருகிறேன். எங்கள் தலைமுறைத் தன்னார்வலர்கள் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளை, புதிதாக வருபவர்களும் அதே நல்லெண்ணத்தோடு செய்வதை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். நேரம் தவறி வருவது, பேச்சின் நடுவே கைபேசியைப் பார்ப்பது போன்றவற்றைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை; அவை தவறு என்பது செய்பவருக்கே தெரியும். நன்மை என்று நம்பிச் செய்யப்படும் தவறுகளைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அவற்றை யாரும் தடுப்பதில்லை.

அவரால் முடிந்ததை நாம் செய்துகொடுப்பது

மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிய இழப்பை உண்டாக்குவது இதுதான். இன்றும் இதைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

கணக்காளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற ஓர் அம்மையாரை நான் அறிவேன். எண்பது வயதைக் கடந்த பின்னும் வீட்டுக் கட்டணங்கள் அனைத்தையும் தம் கையாலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதி, உரிய தேதிக்கு முன்பே செலுத்திவிடுவார். பார்வை சற்று மங்கியிருந்ததாலும் விரல்கள் லேசாக நடுங்கியதாலும் அந்த வேலைக்கு அரை நாள் ஆனது. அவரைப் பார்க்கச் சென்ற இளம்பெண் அவர் சிரமப்படுவதைப் பொறுக்க முடியாமல் எல்லாக் கட்டணங்களையும் தன் கைபேசிக்கு மாற்றிச் சில நிமிடங்களில் முடித்துக்கொடுத்தாள். மருத்துவரிடம் நேரம் கேட்பது, பழுது பார்ப்பவரை அழைப்பது, மருந்துகளை எடுத்து வைப்பது ஆகியவையும் ஒவ்வொன்றாக அவள் பொறுப்புக்கு வந்தன. குடும்பத்தினர் மகிழ்ந்தனர், எங்கள் குழுவிலும் அவளைப் பாராட்டாதவர் இல்லை.

பிறகு அந்தப் பெண்ணுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்தது. அவள் போன பின்தான், கடவுச்சொற்கள் எதுவும் அம்மையாருக்குத் தெரியாது என்பதும், எந்தக் கட்டணம் எப்போது வரும் என்ற ஒழுங்கு அவர் நினைவிலிருந்து நழுவிவிட்டது என்பதும் தெரியவந்தன. ஒரு கட்டணம் தவறிப்போனதைக் கண்ட மகன், தாயால் இனி முடியாது என்று முடிவு செய்து வங்கிக் கணக்கைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். தம் பணத்தைத் தாமே கையாளும் உரிமை அம்மையாருக்கு அத்தோடு போயிற்று. அவர் அதை இழந்ததற்கு எந்த நோயும் காரணமில்லை என்பது என்னை இன்றும் உறுத்துகிறது.

ஒருவரால் தனித்து வாழ முடியுமா என்பதை மதிப்பிட மருத்துவத் துறையினர் பெரும்பாலும் இரண்டு பட்டியல்களைப் பயன்படுத்துகிறார்கள். சிட்னி காட்ஸ் குழுவினர் 1963ஆம் ஆண்டில் வெளியிட்டது குளித்தல், உடுத்தல், உண்ணுதல் உள்ளிட்ட 6 அடிப்படைச் செயல்களைப் பற்றியது. பவல் லாட்டனும் எலைன் பிராடியும் 1969ஆம் ஆண்டில் வெளியிட்டது தொலைபேசி, கடைக்குப் போதல், சமையல், வீட்டைப் பேணுதல், துணி துவைத்தல், போக்குவரத்து, மருந்து, பணம் என்னும் 8 செயல்களைப் பற்றியது. நம் இளைஞர்கள் அன்போடு செய்துகொடுக்கும் வேலைகளைப் பாருங்கள். ஏறக்குறைய அனைத்தும் இந்த இரண்டாவது பட்டியலில்தான் இருக்கின்றன. ஒருவர் தம் வீட்டில் தம் விருப்பப்படி வாழ்வதைத் தாங்கி நிற்பவையும் அவையே.

இதன் இன்னொரு பக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. உளவியலாளர் மார்கரெட் பால்டெஸ் முதியோர் இல்லங்களில் நடப்பதை நெடுங்காலம் கூர்ந்து கவனித்தார். முதியவர் பிறர் உதவியை எதிர்பார்த்திருக்கும்போது கவனிப்பு உடனே கிடைக்கிறது; அவரே ஒரு காரியத்தைச் செய்துகொள்ளும்போது பெரும்பாலும் யாரும் பொருட்படுத்துவதில்லை என்று அவர் கண்டார். தனிமையில் இருப்பவருக்கு இது விரைவில் விளங்கிவிடுகிறது. முடியவில்லை என்றால் ஒருவர் வந்து பக்கத்தில் உட்காருகிறார், முடியும் என்றால் யாரும் வருவதில்லை என்ற நிலையில், துணையை வேண்டித் தம் திறமையை விட்டுக்கொடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் முடியாது என்று சொல்லத் தொடங்கியபோது அது உண்மையாக இருக்கவில்லை. சில காலத்துக்குப் பிறகு அதுவே உண்மையாகிவிட்டது. உடலுக்கும் இதே விதிதான்: 2007ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், சராசரி 67 வயதுடைய ஆரோக்கியமானவர்கள் 10 நாட்கள் படுக்கையிலேயே இருந்தபோது அவர்களுடைய கால்களின் தசைத் திரள் ஏறக்குறைய ஒரு கிலோ குறைந்துபோனது.

ஆகவே பேனாவை அவர் கையிலிருந்து வாங்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, எந்த இடத்தில் சிரமம் என்று கேட்டு, அந்த இடத்துக்கு மட்டும் உதவுங்கள். எழுத்து தெரியவில்லை என்றால் விளக்கை நகர்த்தி வைக்கலாம், உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டுவந்து தரலாம். கட்டணத்தை இணையவழியாகச் செலுத்தியே ஆகவேண்டும் என்றால், அவருடைய கருவியில், அவர் தேர்ந்த கடவுச்சொல்லோடு, அவர் விரலே திரையைத் தொடட்டும். அரை நாள் ஆனால் ஆகட்டும். அந்த அரை நாள் நீங்கள் சேர்ந்து கழிக்கும் நேரம்தானே.

ஒரு விதிவிலக்கையும் சொல்ல வேண்டும். துணி துவைக்கும் வலுவைச் சேமித்துத் தோட்டத்தில் செலவிட விரும்புவதாக ஒருவர் தாமே சொன்னால், தயங்காமல் துணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். எதை விடுவது என்று அவர் தேர்ந்தெடுப்பதும் சுதந்திரத்தில் அடங்கும். அந்தத் தேர்வை அவருக்கு முன்னால் நாம் செய்துவிடுவதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

குழந்தையிடம் பேசுவது போல் பேசுவது

முதுமையில் செவித்திறன் குறையும்போது பெரும்பாலும் உயர்ந்த சுருதி ஒலிகளே முதலில் மங்குகின்றன. கத்திப் பேசினால் சுருதி உயர்ந்து சொற்கள் சிதைகின்றனவே தவிரத் தெளிவு கூடுவதில்லை. முகத்தில் வெளிச்சம் படும்படி அமர்ந்து, குரலைச் சற்றுத் தாழ்த்தி, முழு வாக்கியங்களில் பேசுங்கள். கொஞ்சும் குரல் பரிவாகத் தோன்றலாம். அறிவாற்றல் குறைந்த நோயாளிகளிடம்கூட அத்தகைய பேச்சு எதிர்ப்பை அதிகரிப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அவரைத் தாண்டிப் பிள்ளைகளிடம் கேட்பது

அவர் எதிரில் இருக்கும்போது, அவரைப் பற்றிய கேள்வியை அவரிடமே கேளுங்கள்.

எதையும் பெற்றுக்கொள்ள மறுப்பது

முதியவர் எதையாவது கொடுக்க முன்வரும்போது, மரியாதை கருதி வேண்டாம் என்று சொல்வது இளைஞர்களின் வழக்கமாக இருக்கிறது. வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞனின் கடிதத்தைத் திருத்தித் தருவதாக ஒரு பெரியவர் மூன்று வாரம் தொடர்ந்து கேட்டும், அவரைச் சிரமப்படுத்தக் கூடாது என்று அவன் மறுத்துவிட்டான். நான்காவது வாரம் அவர் கேட்கவில்லை. வேறெதையும் பற்றி அதிகம் பேசவுமில்லை. ஒருவர் கொடுக்க மற்றவர் வாங்க மட்டுமே செய்கிற உறவு சேவையாக இருக்கலாம், நட்பாகாது. நெதர்லாந்தின் டெவெண்டர் நகரில் ஹியூமானிடாஸ் முதியோர் இல்லத்தில் மாணவர்கள் வாடகையின்றித் தங்குகிறார்கள். அதற்கு ஈடாக மாதம் 30 மணி நேரம் நல்ல அயலாராக இருக்கிறார்கள். அங்கே இரு தரப்பும் கொடுக்கிறது, இரு தரப்பும் பெறுகிறது என்பது தொடக்கத்திலேயே வெளிப்படையாக இருப்பதால் யாரும் கடன்பட்டவராக உணர வேண்டியதில்லை.

ஆபத்தை அறவே நீக்க நினைப்பது

விழுதல் உண்மையான ஆபத்துதான். தரையில் நழுவும் விரிப்பு, வெளிச்சமில்லாத நடைவழி, பிடிமானமில்லாத குளியலறை ஆகியவை சரிசெய்யப்பட வேண்டியவை. ஆயினும் அவர் வெளியே சென்றிருக்கும்போது விரிப்பைச் சுருட்டி எடுத்துச் செல்ல நமக்கு அனுமதி இல்லை. மேலும், விழுந்துவிடுவோம் என்ற அச்சத்தை நாம் வளர்த்தால் அவர் நடப்பதைக் குறைப்பார். நடை குறைந்தால் கால்கள் வலுவிழக்கும். விழும் வாய்ப்பு முன்னைவிட அதிகமாகும். ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1991ஆம் ஆண்டில் ஏற்ற முதியோருக்கான 18 கோட்பாடுகள் ஐந்து தலைப்புகளில் அமைந்துள்ளன. அவற்றில் சுதந்திரம் முதலாவதாகவும் பராமரிப்பு மூன்றாவதாகவும் வருகின்றன. அந்த வரிசையை மனத்தில் வைத்துக்கொண்டு பேசினால் உரையாடல் தானே மாறும்.

பழைய கதைகளை மட்டுமே கேட்பது

இன்றைய செய்தியைப் பற்றியும் அவருக்குக் கருத்து உண்டு.

சொல்லாமல் நின்றுபோவது

உளவியலாளர் ரிச்சர்ட் ஷுல்ஸ் 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் முதியோர் இல்லம் ஒன்றில் வசித்தவர்களைச் சென்று பார்த்தார்கள். மாணவர் எப்போது வரவேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்தவர்களும், வரும் நேரத்தை முன்கூட்டியே அறிந்திருந்தவர்களும், திடீரென்று வந்தவர்களை எதிர்கொண்டவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள். ஆய்வு முடிந்ததும் மாணவர்கள் வருவது நின்றது. பிற்காலத்தில் ஷுல்ஸும் பார்பரா ஹனுசாவும் அந்த முதியவர்களைத் திரும்ப மதிப்பிட்டபோது, முன்பு மேம்பட்டிருந்த அந்த இரு குழுவினரின் நலமே கூடுதலாகச் சரிந்திருந்தது.

இதைப் புதியவர்களிடம் நான் மறக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் படிப்போ வேலையோ முடிந்து இடம் மாறுவது அவர்கள் வயதுக்கு இயல்பு. வரும் நாளை முடிவு செய்யும் பொறுப்பை முதல் சந்திப்பிலேயே அவரிடம் கொடுங்கள். எவ்வளவு காலம் வர முடியும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். புறப்பட வேண்டிய காலம் நெருங்கும்போது, அடுத்து வரக்கூடியவரைச் சில வாரங்கள் உடன் அழைத்துச் சென்று, அவரை ஏற்பதா வேண்டாமா என்பதை முதியவரே தீர்மானிக்கும்படி விடுங்கள். தொலைவிலிருந்து தொலைபேசியில் பேசுவதாக வாக்களித்தால், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொடுத்து அதன்படி நடங்கள்; உங்களால் உறுதியாக முடியாதென்றால் அந்த வாக்கைக் கொடுக்காமல், கடிதம் எழுதுவதாகச் சொல்லி எழுதுங்கள்.